மகபதி வீட்டுக்கு வரட்டும்

செங்கற்பட்டு மாவட்டத்துப் பம்மலைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர் சம்பந்த முதலியார். 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த அப்பெரியார், ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்தை 'மகபதி' என்று தமிழாக்கித் தந்தார். வீட்டுக்கு விருந்தாளியாக வந்த மன்னனைக் கொன்று அரியணை ஏறி, அழிந்துபோகும் தளபதியின் கதை அது.

இதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூல நாடகத்தில் மன்னனின் கொலை மேடையில் நிகழ்வதில்லை. ரத்தம் தோய்ந்த கைகளோடு திரும்பி வருபவனைத்தான் காண்கிறோம். காமிராவோ எதையும் காட்ட வல்லது. காட்ட முடியும் என்பதற்காகக் காட்டிவிட்டால், குழந்தை குட்டிகளோடு கூடத்தில் அமர்ந்து பார்ப்பவர்களுக்கு அருவருப்புதான் மிஞ்சும்.

நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி நடிகர் குரலெழுப்ப வேண்டும். சின்னத் திரையில் முகம் அருகே தெரிகிறது, முணுமுணுப்பே போதும். மனைவி காதோடு ஓதும் யோசனை கணவன் கண்ணில் பற்றிக்கொள்ளும் அந்தக் கணத்தைக் காட்டினால் போதாதா? பேராசை பிறக்கும் இடம் அதுவன்றோ!

காட்சிக்கு அட்டை அரண்மனையும் வேண்டாம். அதே மாவட்டத்து மாமல்லபுரத்தில், பல்லவர் செதுக்கத் தொடங்கிய ரதங்கள் முற்றுப்பெறாமலே கடற்காற்றில் நிற்கின்றன. மன்னர் ஆசையின் கதியை அந்தக் கற்களே சொல்லும். படமெடுக்க முன்வருவோர் கொலைவாளை ஒதுக்கிவிட்டு, அவற்றின் பக்கம் காமிராவைத் திருப்புவார்களாக.