கால்கள் ஓடுகின்றன! கதவுகள் திறக்குமா?

ஒருவன் ஓடுகிறான் என்றால், எதையோ கண்டு அஞ்சி ஓடுகிறான் என்று பொருள் கொள்வதுதான் உலக வழக்கம். கடன் கொடுத்தவனைக் கண்டு ஓடுவான். காவலரைக் கண்டு ஓடுவான். பழி தாளாது ஊரை விட்டே ஓடுவான். அதிலும் அவன் வீடு வாசல் அற்றவன் என்றால் கேட்கவே வேண்டாம். "எதையோ திருடிக்கொண்டு ஓடுகிறான்" என்று வீதியில் நிற்போர் தீர்ப்பே எழுதிவிடுவர்!

ஆனால், தோழர்களே, அமெரிக்க நாட்டின் பெருநகரங்கள் சிலவற்றிலே, பொழுது புலருமுன், ஐந்தரை ஆறு மணிக்கெல்லாம் வீடற்றோர் ஓடுகிறார்கள். துரத்துவார் எவரும் இல்லை. விரட்டப்பட்டே பழகிய கால்கள், இன்று தாமே விரும்பி ஓடுகின்றன. பக்கத்திலே, அலுவலகம் செல்வோரும் கல்லூரி மாணவரும் உடன் ஓடுகிறார்கள். வட்டமாக நின்று, ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு, அதன் பின்னர் புறப்படுகிறார்கள். அந்த வட்டத்திலே வீடுள்ளவர் எவர், வீடற்றவர் எவர் என்று பிரித்தறிவது எளிதன்று.

காட்சி இனிது. கண்டு மகிழலாம். மகிழ்ந்ததோடு நின்றுவிடலாமா என்பதைத்தான் இன்று நாம் எண்ணிப் பார்த்திட வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் பெயர் 'பேக் ஆன் மை ஃபீட்' என்பது. 'மீண்டும் என் காலிலே நிற்கிறேன்' என்று கருத்து. சொந்தக் காலில் நிற்பது என்று நாமும் கூறுகிறோமல்லவா, அதே வழக்கு! பிறந்த இடம் பிலடெல்பியா, ஆண்டு 2007. ஆன் மாலம் என்ற இளநங்கை, அப்போது இருபத்தாறு வயதினர், விடியலிலே ஓடும் பழக்கமுடையவர். தந்தை சூதாட்டத்திலே சிக்கிக் குடும்பம் குலைந்த நாட்களில், மனப் புண்ணுக்கு மருந்தாக அவர் கண்டது ஓட்டம். அவர் ஓடும் வழியிலே வீடற்ற ஆடவர் தங்கும் விடுதி ஒன்று. வாயிலில் நிற்போர் கையசைப்பர், வாழ்த்துக் கூறுவர், அவரும் மறுமொழி கூறிச் செல்வார். பல நாள் நடந்தது இது. ஒரு நாள் அவர் உள்ளத்திலே எழுந்தது கேள்வி: நான் நாள்தோறும் முன்னே ஓடுகிறேன், இவர்கள் மட்டும் ஏன் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்?

எத்தனையோ பேர் அந்த வாயிலைக் கடந்து சென்றிருப்பார்கள். கேள்வி எழுந்தது ஒருவர் உள்ளத்திலே. விடுதிப் பொறுப்பாளரை அணுகினார், காலணிகள் திரட்டினார், 2007 ஜூலையில் ஒன்பது பேருடன் முதல் ஓட்டம் நடந்தேறியது. பின்னர் பால்டிமோர், வாஷிங்டன், பாஸ்டன், சிகாகோ, டல்லாஸ், நியூயார்க் என்று பத்துக்கு மேற்பட்ட நகரங்களில் பரவிற்று.

முறை என்ன? திங்கள், புதன், வெள்ளி — வாரம் மூன்று நாள் விடியற்காலை ஓட்டம். வேகம் கேட்பதில்லை; உடற்கட்டு கேட்பதில்லை; ஓட இயலாதவர் நடந்து வந்தாலும் சரி. கேட்பது வருகை ஒன்றுதான். முதல் முப்பது நாளில், நூற்றுக்குத் தொண்ணூறு விழுக்காடு வந்தவருக்கு அடுத்த கட்டம் திறக்கிறது: தொழிற் பயிற்சி, வேலை தேடும் முயற்சிக்குத் துணை, வரவு செலவு திட்டமிடக் கற்பித்தல், வாடகைக்கு இடம் பெற உதவி.

ஓட்டத்துக்கும் வேலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். முதலாளி என்ன கேட்கிறான்? "நீ எங்கே குடியிருக்கிறாய்? கடைசியாக எங்கே வேலை பார்த்தாய்? உன்னை நம்பலாம் என்பதற்கு யார் சான்று?" மூன்று கேள்விக்கும் தெருவில் வாழ்பவனிடம் விடை இல்லை. வாய் அடைத்துப் போகிறது. வாயில் அடைபட்டுப் போகிறது. குளிரிலும் இருட்டிலும் எழுந்து, சொன்ன நேரத்தில், சொன்ன இடத்தில், ஒரு மாதம் தவறாது வந்தான் என்ற வருகைப் பதிவேடு அவன் கையிலே சான்றிதழாகிறது.

அதனினும் பெரிது ஒன்று உண்டு. தெருவிலே வாழ்பவன் ஒரு நாள் காணாமற் போனால் தேடுவார் யார்? "நேற்று உன்னைக் காணோமே, உடம்புக்கு என்ன?" என்று கேட்பார் யார்? அந்தக் கேள்வியை ஒருவன் காதிலே விழச் செய்தது இந்த ஓட்டம். பெயர் சொல்லி அழைக்க ஒருவர்; வரவை எதிர்நோக்கி ஒருவர்; தோள்மீது ஒரு கை. பசித்த வயிற்றுக்குச் சோறு போடுவோர் ஊருக்கு ஊர் உண்டு. உன் வரவு எங்களுக்குத் தேவை என்று கூறுவோர் அரிது.

"சோம்பேறிகள்! உழைக்க மனமில்லாதவர்கள்! அதனால்தான் தெருவில் கிடக்கிறார்கள்!" என்று மாடியில் இருப்போர் பேசுவது நாம் அறியாததல்ல. அவர்களை ஒன்று கேட்போம். குளிர்காலத்திலே, ஐந்து மணிக்குப் போர்வையை உதறி எழுந்து, சில கல் தொலைவு ஓடிவர உம்மில் எத்தனை பேர் முன்வருவீர்? தலைக்கு மேல் கூரை, கட்டிலிலே மெத்தை, அடுப்பிலே தேநீர் எல்லாம் உள்ள நீங்களே தயங்குவீர்! விடுதியிலே வரிசைக் கட்டிலில், இருமலும் கூச்சலும் கேட்டபடி அரை உறக்கம் உறங்கிய ஒருவன் எழுந்து ஓடுகிறான். அவனா சோம்பேறி?

மற்றொரு காட்சி காண்போம், அதே நாட்டின் மேற்குக் கோடியிலே. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நடுவிலே 'ஸ்கிட் ரோ' என்றொரு பகுதி. நடைபாதை எங்கும் கூடாரங்கள். மிகப் பலரின் வாழ்வு திறந்த வானத்தின் கீழ். அந்நகர நீதிபதிகளில் ஒருவர் கிரேக் மிட்செல். அவர் தண்டனை விதித்துச் சிறைக்கு அனுப்பிய ஒருவர், விடுதலையான பின், நீதிபதியைத் தேடி வந்தார். பழிவாங்க அல்ல! தாம் தங்கியிருந்த 'மிட்நைட் மிஷன்' என்னும் உதவி இல்லத்துக்கு வந்து பார்க்குமாறு அழைத்தார். சென்றார் நீதிபதி, கண்டார், 2012இல் அங்கே ஓட்டக் குழு ஒன்று அமைத்தார். போதையிலிருந்து மீண்டோரும், சிறையிலிருந்து வந்தோரும், தெருவிலே வாழ்ந்தோரும் அவருடன் ஓடினர். சிலர் கடல் கடந்து, ஆப்பிரிக்காவின் அக்ரா நகரிலும், இத்தாலியின் ரோம் நகரிலும் நெடுந்தொலைவு ஓட்டத்திலே கலந்துகொண்டனர். 2017இல் இது ஆவணப்படமாகவும் வந்தது.

தண்டித்தவரும் தண்டனை பெற்றவரும் ஒரே வீதியிலே தோளோடு தோள் ஓடுகிறார்கள். நல்ல நீதிபதி. ஆனால் அவர் ஏறும் நீதிமன்றத்துக்கும் மேலே மன்றம் உண்டல்லவா? அங்கே நடந்ததையும் கேளுங்கள்.

ஓரிகன் மாநிலத்திலே கிராண்ட்ஸ் பாஸ் என்றொரு சிற்றூர். பொது இடத்திலே போர்வை விரித்துப் படுத்தால் 295 டாலர் அபராதம். மீண்டும் மீண்டும் படுத்தால் சிறை வரை செல்லும் என்று விதி செய்தது. படுக்க வேறு இடமில்லாதவனை இப்படி ஒறுப்பது கொடுமை என்று வழக்கு எழுந்தது. 2024 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம், ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக நின்று, அவ்விதி அரசியல் சட்டத்துக்கு முரணானதன்று என்று தீர்ப்பளித்தது. உறக்கம் உடலின் தேவை, அது குற்றமாகாது என்று மறுத்து எழுதினார் நீதிபதி சோனியா சோட்டோமேயர். மூவர் மறுப்பு ஏட்டிலே நின்றது. அறுவர் தீர்ப்பு நாட்டிலே நடந்தது.

ஒரு நீதிபதி உடன் ஓடுகிறார். ஆறு நீதிபதிகள், உறங்குபவனை எழுப்பி ஓட்டலாம் என்கிறார்கள். ஓடுவதற்கும் ஓட்டப்படுவதற்கும் இடையே உள்ள தொலைவிலேதான், தோழர்களே, அரசியல் இருக்கிறது!

கணக்கைப் பாருங்கள். பிலடெல்பியாவில் ஓட்டம் தொடங்கிய அதே 2007ஆம் ஆண்டு, ஓர் இரவில் வீடற்றோராக அமெரிக்கா எங்கும் எண்ணப்பட்டோர் சுமார் 6,47,000 பேர். இடையிலே சில ஆண்டுகள் குறைந்து, பின்னர் ஏறி, 2024 ஜனவரியில் அத்தொகை 7,71,480 ஆயிற்று. அதுவரை எடுத்த கணக்கிலே அதுவே உச்சம். ஓட்டம் பத்து நகருக்கு மேல் பரவியும் வீடற்றோர் தொகை ஏறியது ஏன்? ஓடியவர் குற்றமா? ஓட வைத்தவர் குற்றமா? இரண்டும் அல்ல. ஒரு முனையிலே சிலரை வாளியால் முகந்து கரையேற்றுகிறார்கள். மறு முனையிலே மதகைத் திறந்து வைத்திருக்கிறார்கள்!

அந்த மதகு எது? கூலிக்கும் வாடகைக்கும் இடையே உள்ள இடைவெளி. மைய அரசு வகுத்த குறைந்த அளவுக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். 2009 ஜூலையில் நடப்புக்கு வந்தது. பதினைந்து ஆண்டுகள் கடந்தும் உயர்த்தவில்லை. பல மாநிலங்கள் தாமே உயர்த்திக்கொண்டன. பிலடெல்பியா அமைந்துள்ள பென்சில்வேனியா அந்த ஆண்டுகளில் உயர்த்தவில்லை. வாரம் நாற்பது மணி, ஒரு நாளும் ஓயாது ஆண்டு முழுதும் உழைத்தால் கிடைப்பது 15,080 டாலர். மாதத்துக்குச் சுமார் 1,257. அந்நகரிலே ஓர் அறை வீட்டுக்கே மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் கேட்கிறார்கள். வாடகை கொடுத்தபின் மிஞ்சுவது எவ்வளவு? சோற்றுக்கா, பேருந்துக்கா, மருந்துக்கா? ஓடி, உழைத்து, வேலையும் பெற்று, அதன் பிறகும் ஒருவன் வீடின்றி நிற்கக்கூடும் என்பதுதான் இந்தக் கணக்கு உரைக்கும் கசப்பான உண்மை.

அந்த நாடு வாக்குறுதி தராமலும் இல்லை. 1949இல், ட்ரூமன் ஆட்சியிலே இயற்றிய வீட்டுவசதிச் சட்டம், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தகுந்த இல்லம் என்பதை நாட்டின் குறிக்கோளாக அறிவித்தது. பின்னர் நடந்தது என்ன? நகர்தோறும் இருந்த மலிவு வாடகை ஒற்றையறை விடுதிகளை இடித்தார்கள். 1980களில் ரீகன் ஆட்சி, வீட்டுவசதிக்கான நிதியை வெட்டியது. வாடகை உதவிக்குத் தகுதியுள்ள குடும்பங்களில் நாலிலே ஒன்றுக்குத்தான் அது கிட்டுகிறது என்ற நிலை வந்தது. மற்ற மூன்றும் வரிசையிலே நிற்கின்றன, ஆண்டுக்கணக்கில்!

இந்நிலையில், ஓட்டத்தைக் காட்டி ஒரு வாதம் எழுப்புவோர் உண்டு. "பாருங்கள், முயன்றவன் முன்னேறினான், மற்றவன் முயலவில்லை, அரசு என்ன செய்யும்?" என்பார்கள். ஓடி வென்றவனைச் சான்றாக நிறுத்தி, ஓட இயலாதவனைக் குற்றவாளியாக்கும் வாதம் இது. காலிழந்தவர் ஓடுவாரா? எழுபது வயது மூதாட்டி ஓடுவாரா? கைக்குழந்தையை மார்பிலே அணைத்தபடி காருக்குள் உறங்கும் தாய், குழந்தையை எவரிடம் விட்டுவிட்டு ஓடுவாள்? மனம் கலங்கித் தன் பெயரையே மறந்து திரிபவரிடம் தொண்ணூறு விழுக்காடு வருகை கேட்பதா? வேலைக்கு வருகைப் பதிவு தகுதியாகலாம். கூரைக்குத் தகுதி, மனிதனாகப் பிறந்தது ஒன்றுதான்!

வீட்டைப் பரிசாக வைத்துப் பந்தயம் நடத்த வேண்டாம், முதலிலேயே வீட்டைக் கொடுங்கள் என்ற கொள்கையும் அந்த நாட்டிலேயே பிறந்ததுதான். 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியல் அறிஞர், மனநோயுற்றுத் தெருவில் கிடந்தோருக்கு, திருந்திவிட்டு வா என்று நிபந்தனை கூறாமல், சாவியைக் கொடுத்தார். மருத்துவமும் துணையும் பின்னர் வந்தன. பெரும்பாலோர் அந்த வீட்டைக் காத்துக்கொண்டனர். பின்லாந்து அரசு 2008இல் அதையே நாட்டின் திட்டமாக்கிற்று. புகலிடக் கட்டில்களை நிலையான வீடுகளாக மாற்றிற்று. 1980களின் இறுதியிலே சுமார் 18,000 ஆக இருந்த வீடற்றோர் தொகை, பல்லாண்டு முயற்சியால், 2023 இறுதியில் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் கீழே இறங்கியது. 2024இல் சற்றே ஏறிற்று. பிடி தளர்ந்தால் வெள்ளம் திரும்பும் என்பதற்கு அதுவே எச்சரிக்கை.

அமெரிக்காவோ எதிர்த் திசையிலே அடி எடுத்து வைத்தது. 2025 ஜூலையில் அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணை, 'வீடே முதலில்' என்ற கொள்கைக்கு மைய அரசு தந்துவந்த ஆதரவை முடிக்கப் பணித்தது. மனநோயுற்றுத் தெருவில் வாழ்வோரைக் கட்டாயமாக மருத்துவ நிலையங்களில் அடைத்திட வழிகாணச் சொன்னது. கொடுத்த சாவியைப் பிடுங்கிப் பூட்டை நீட்டுவது இது!

அப்படியானால் அந்த விடியற்கால ஓட்டத்தை நாம் எள்ளி நகையாடுவதா? கூடாது, தோழர்களே, கூடவே கூடாது! "இதெல்லாம் கிழிசலுக்கு ஒட்டுப் போடும் வேலை, அமைப்பு மாறினால் அனைத்தும் மாறும்" என்று திண்ணையிலே அமர்ந்து பேசுவோர் நம்மிலும் உண்டு. சட்டம் மாறும் நாள் வரை இன்று இரவு குளிரில் கிடப்பவன் என்ன செய்வான்? அவனிடம் கொள்கை விளக்கக் கூட்டத்துக்கு வா என்பதா? தோளிலே கை வைத்து, பெயர் சொல்லி அழைத்தவர்கள் நமக்கு ஒரு பாடம் கற்பித்திருக்கிறார்கள். மேலே நின்று கொடுப்பது தருமம். பக்கத்திலே நின்று செல்வது தோழமை. மக்களிடம் செல்கிறோம் என்று கூறுவோர், எந்த உயரத்தில் நின்றுகொண்டு செல்கிறோம் என்பதைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கனிவு மட்டும் போதும் என்போர் கணக்கை மறந்தவர்கள். கணக்கு மட்டும் போதும் என்போர் மனிதனை மறந்தவர்கள். கனிவு ஒருவனை எழுப்பி நிறுத்தும். அவன் சென்று சேர ஒரு வீட்டைக் கட்டி வைப்பது ஆட்சியின் கடமை. அக்கடமையை ஆட்சிக்கு நினைவூட்டி, நெருக்கி, நிறைவேற்ற வைப்பது மக்கள் இயக்கத்தின் கடமை. அவரவர் பங்கை அவரவர் செய்திட வேண்டும். ஒருவர் செய்ததைக் காட்டி மற்றவர் தப்பித்துக்கொள்ள இடம் தரலாகாது.

வீடற்றவன் தன் பங்கைச் செய்துவிட்டான். இருட்டிலே எழுந்தான், குளிரிலே ஓடினான், சொன்ன நேரத்தில் வந்து நின்றான். இனி வர வேண்டியது அரசின் முறை. வாயிலில் அவன் காத்திருக்கிறான், திறக்கட்டும் கதவுகள்!