ஆணை வந்து சேரவில்லை

ஆட்டம் என்றால் ஓர் அமர்வில் தொடங்கி அவ்வமர்விலேயே முடிந்துவிட வேண்டும் என்பது நம்மிற் பலருடைய எண்ணம். பந்தாட்டமாயினும் சதுரங்கமாயினும், வென்றவர் யார், தோற்றவர் யார் என்பது விளக்கேற்றும் நேரத்திற்குள் தெரிந்துவிடும். ஆனால் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் நீளும் ஆட்டங்களும் உலகில் உண்டு. ஒருவரையொருவர் முகம் பார்த்தறியாத எழுவர், வெவ்வேறு ஊர்களில் இருந்துகொண்டு, வாரத்திற்கு ஒருமுறை தத்தம் ஆணையை மின்னஞ்சலில் அனுப்பி ஆடும் ஆட்டம் ஒன்றைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகிறேன். அதனை வெல்வது எப்படி என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. அது பாதியில் நின்றுபோகாமல் காப்பது எப்படி என்பதே என் கவலை. அவ்வகையில் நானே ஒருமுறை தவறியவன்.

தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன இடம் என்று வினவுவோர் இருக்கலாம். இவ்வாட்டத்தில் காய் நகர்த்துவது சிறு பகுதியே. கடிதம் எழுதுவதே பெரும்பகுதி. அவ்வொரு காரணத்திற்காகவேனும் இடம் தருவார்கள் என நம்புகிறேன்.

‘டிப்ளமசி’ என்பது அதன் பெயர். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய வரலாறு பயின்ற ஆலன் கேலமர் என்பவர் 1954இல் இதனை உருவாக்கினார். பதிப்பிக்க நிறுவனம் எதுவும் முன்வராமையால் 1959இல் தம் சொந்தச் செலவில் 500 படிகள் மட்டும் வெளியிட்டார். முதல் உலகப்போருக்கு முந்திய ஐரோப்பாவின் வரைபடமே ஆடுகளம். இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா, துருக்கி என ஏழு வல்லரசுகள், ஆளுக்கொன்று. வரைபடத்தில் உள்ள 34 வழங்கல் மையங்களில் 18ஐக் கைப்பற்றுபவர் வென்றவராவார். ஆட்டம் 1901ஆம் ஆண்டின் இளவேனிலில் தொடங்கும். ஆண்டுக்கு இருமுறை, இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும், எழுவரும் தம் படைகளுக்குரிய ஆணைகளை மறைவாக எழுதித் தருவர். அனைத்தும் ஒரே நேரத்தில் பிரிக்கப்படும்.

இதில் பகடை இல்லை; ஆகவே நல்லூழும் இல்லை. ஒரு படைக்கு ஒரு படையே நிகர். நிகரான இரண்டு மோதினால் இரண்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். எதிரியைப் பெயர்க்க வேண்டுமாயின் மற்றொரு படை துணை நிற்க வேண்டும். தொடக்கத்தில் ரஷ்யாவுக்கு நான்கு படைகள், ஏனையோருக்கு மூன்று மூன்று. இவற்றைக் கொண்டு தனித்து எவரும் நெடுந்தொலைவு செல்ல இயலாது. அண்டை நாட்டாரின் துணையைக் கேட்டுப் பெற வேண்டும். கேட்பதற்கு எழுத வேண்டும். எழுதியதை அவர் நம்ப வேண்டும். ஒரே மாலையில் ஒருவர்க்கு நட்புமடலும், அவருடைய பகைவர்க்கு அதனினும் இனிய நட்புமடலும் எழுதுவோர் இவ்வாட்டத்தில் மிகுதி.

நேரில் கூடி ஆடினால் ஒரு முழுநாள் பிடிக்கும். அத்துணை நேரம் எழுவர் ஒருங்கே அமர்வது அரிது. ஆகவே 1963இல் நியூயார்க்கைச் சேர்ந்த இயற்பியல் பேராசிரியர் ஜான் போர்டுமன், ‘கிராஸ்டார்க்’ என்னும் சிற்றிதழைத் தொடங்கி, அஞ்சல் வழியாக இதனை நடத்தலானார். ஆட்டக்காரர்கள் ஆணைகளை அஞ்சலில் அனுப்புவர். நடத்துநர் முடிவுகளைக் கணித்து இதழில் அச்சிட்டு அனுப்புவார். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்று வைத்தால், பத்தாண்டு நீளும் ஆட்டம் முடிய ஈராண்டு செல்லும். 1980களின் இறுதியில் கென் லோவ் என்பவர் ‘ஜட்ஜ்’ என்னும் கணினி நிரலை எழுதினார். அது மின்னஞ்சலில் வரும் ஆணைகளைத் தானே படித்து, மோதல்களைத் தீர்த்து, முடிவுகளை எழுவர்க்கும் அனுப்பியது. மாதம் வாரமாயிற்று. ஆட்டத்தை ஆக்கிய கேலமர், பிற்காலத்தில் இல்லினாய் மாநிலத்தில் அஞ்சற்காரராகப் பணிபுரிந்து 2013இல் மறைந்தார் என்பதை இவ்விடத்தில் குறிப்பிடாமல் இருக்க மனம் வரவில்லை.

பொய்யும் வஞ்சகமும் மலிந்த ஓர் ஆட்டத்தை மாணவர்க்கு எடுத்துரைக்கலாமா என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. நானும் அதனை நெடுநாள் எண்ணியதுண்டு. உடன்படிக்கை முறியக்கூடும் என்பது எழுவரும் அறிந்து உடன்பட்ட விதி. ஆட்டத்திற்குள் துருக்கி ஆஸ்திரியாவிடம் சொல்லும் சொல், நாடகத்தில் ஒரு பாத்திரம் மற்றொரு பாத்திரத்திடம் சொல்லும் சொல்லைப் போன்றது. ஆயினும் அவ்வாட்டத்தில் நாடகத்திற்கு வெளியே நிற்கும் வாக்கு ஒன்று உண்டு. குறித்த நாளில் என் ஆணை வந்து சேரும் என்பதே அது. அதனைத் துருக்கி ஆஸ்திரியாவுக்குக் கொடுக்கவில்லை. ஒரு மனிதர் ஆறு மனிதர்க்குக் கொடுக்கிறார். மற்ற எல்லாச் சொல்லையும் மாற்றலாம், இதனை மாற்றலாகாது. ஆட்டம் உயிரோடிருப்பது இவ்வொரு வாக்கினால்தான் என்பது என் துணிபு.

வாக்குத் தவறினால் என்ன ஆகும்? முடிவு அறிவிப்பில் அந்நாட்டின் பெயருக்கு எதிரே ‘ஆணை வந்து சேரவில்லை’ என்று ஒரு வரி இடம்பெறும். ஆட்ட விதி இதற்கு வழி செய்துள்ளது. அந்நாட்டில் அரசு குலைந்ததாகக் கொள்ளப்படும்; அதன் படைகள் நின்ற இடத்தில் வெறுமனே நிற்கும்; ஒன்றுக்கொன்று துணை செய்யா. இது விதி. விளைவோ விதியைக் காட்டிலும் கொடிது. ஆஸ்திரியா வாய்மூடினால் வியன்னா, புடாபெஸ்ட், டிரியெஸ்ட் ஆகிய மூன்று மையங்களும் அண்டையில் யார் முந்துகிறாரோ அவர்க்கு உழைப்பின்றிக் கிட்டும். அவர் பருத்துவிடுவார். வரைபடத்தின் மறுகோடியில், மூன்று மாதமாகக் கடிதம் எழுதி எழுதித் தம் நிலையைச் செம்மை செய்த பிரான்சும் இங்கிலாந்தும், தாம் செய்யாத பிழைக்குத் தண்டனை பெறுவர். ஒருவர் விலகிய இடத்தில் ஆறுவர் ஆட்டம் எஞ்சுவதில்லை. வேறோர் ஆட்டம், அதுவும் எவரும் விரும்பாத ஆட்டம் எஞ்சுகிறது.

விலகுகிறவர் பெரும்பாலும் தோற்கிறவர். வென்றுகொண்டிருப்பவர்க்கு நினைவூட்டல் வேண்டியதில்லை. என் பிழையும் அவ்வாறு நேர்ந்ததே. சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஆஸ்திரியா வாய்த்தது. 1904ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திற்குள் என்னிடம் டிரியெஸ்டும் அதில் நின்ற ஒரு தரைப்படையுமே எஞ்சின. தேர்வுத்தாள் திருத்தும் பருவம் வேறு. ‘ஒற்றைப் படைக்கு ஆணை எழுதி என்ன ஆகப்போகிறது’ என்று சோம்பினேன். கெடு கடந்தது. அடுத்த வாரமும் கடந்தது.

என்ன ஆயிற்று என்பதைப் பின்னர்த்தான் அறிந்தேன். டைரோலியாவில் இத்தாலியின் படை ஒன்று நின்றது. வியன்னாவிலிருந்து துருக்கி அதனைத் தாக்கிற்று. பொஹீமியாவிலிருந்து மற்றொரு துருக்கிப் படை துணை. இரண்டுக்கு ஒன்று. டிரியெஸ்டிலிருந்து என் ஒற்றைப் படை டைரோலியாவுக்குத் துணை நின்றிருப்பின் இரண்டுக்கு இரண்டு, தாக்குதல் முறிந்திருக்கும். இத்தாலியின் ஏனைய படைகளோ கடலில் துருக்கியின் கப்பல்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. அத்துணையைக் கேட்டு இத்தாலியாக ஆடியவர் எனக்கு இரண்டு மடல்கள் எழுதியிருந்தார். நான் திறந்தும் பார்க்கவில்லை. டைரோலியா வீழ்ந்தது, வாயில் திறந்தது, நான்கு ஆட்ட ஆண்டுகளில் துருக்கி பதினெட்டை எட்டிற்று. முடிவில் எல்லோரும் ஒருவர்க்கொருவர் எழுதிக்கொள்ளும் விடைமடலில் இத்தாலிக்காரர் என்னைக் கடிந்துகொள்ளவே இல்லை. உடல்நலம் எவ்வாறு உள்ளது என்று மட்டும் வினவியிருந்தார். நான் நோயுற்றிருப்பேன் என்றே அவர் எண்ணியிருக்கிறார். கடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

மின்னஞ்சல் வந்ததால் இத்தீங்கு குறைந்ததா என்றால், கூடிற்று என்றே சொல்வேன். அஞ்சற்காலத்தில் தாமதம் தானே அமைந்தது. தாள் எடுத்து, எழுதி, அஞ்சல்தலை ஒட்டி, பெட்டியில் இட்டவர்க்கு அவ்வாட்டம் கையில் பட்டறிந்த ஒரு பொருளாக இருந்தது. சதுரங்கத்தில் இதற்கோர் அரிய சான்று உண்டு. பத்தாவது அஞ்சல்வழிச் சதுரங்க ஒலிம்பியாடின் இறுதிச்சுற்று 1987இல் தொடங்கி 1995இல் முடிந்தது. இடையில் 1990இல் கிழக்கு ஜெர்மனியும் 1991இல் சோவியத் ஒன்றியமும் மறைந்தன. ஆயினும் ஆட்டக்காரர்கள் தம் அட்டைகளை அனுப்பிக்கொண்டே இருந்தனர். முடிவில் இல்லாத சோவியத் ஒன்றியம் முதலிடமும் இல்லாத கிழக்கு ஜெர்மனி மூன்றாமிடமும் பெற்றன! நாடே போனபின்னும் ஆணை போய்ச் சேர்ந்தது. நாமோ ஒற்றைப் படைக்கு ஒருவரி எழுதச் சோம்புகிறோம். மின்னஞ்சலில் சேர்வதற்குச் செலவில்லை; ஆதலின் விலகுவதற்கும் செலவில்லை. இடைவெளியும் இயல்பாக அமைவதன்று. நடத்துநர் வகுத்துக் காக்க வேண்டியது.

நடத்துநரின் கடமை இங்கேதான் கனக்கிறது. நிரல் கணக்கிடும், ஆனால் வாராத மனிதரைத் தேடிச் செல்லாது. இடைவெளி மிக நீண்டால் மறதி புகும். மிகக் குறுகினால் கடிதம் எழுத நேரமிராது. ஒரு வாரம் என்பது என் பட்டறிவில் சரியான அளவு. அதுவும் எந்நாளும் ஒரே கிழமையாக இருத்தல் வேண்டும். கெடுவை நீட்டுவதில் நான் கண்டிப்பானவன். நண்பர்கள் இதனைக் கல்மனம் என்பர். ஒருவர்க்காகக் கெடுவை இரண்டு நாள் நீட்டினால் நேரத்தோடு அனுப்பிய அறுவர் காத்திருக்கின்றனர். மறுமுறை அவ்வறுவரில் இருவர் தாமதிக்கின்றனர். மூன்றாம் முறை கெடு என்பதே இல்லை. முன்கூட்டியே ‘பயணம் செல்கிறேன்’ என்று அறிவிப்பவர்க்கு ஆட்டத்தையே ஒரு வாரம் நிறுத்திவைக்கலாம், அதில் தவறில்லை. கெடு கடந்தபின் வரும் காரணத்திற்கு இரங்கலாம், ஆணையை ஏற்கலாகாது. இரண்டு முறை வாராதவரின் நாட்டை, முன்னரே பெயர் கொடுத்துக் காத்திருக்கும் மாற்று ஆட்டக்காரரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். சிதைந்த நாட்டை விரும்பி ஏற்பவரே இவ்வுலகில் அருமையானவர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நடத்துநரே மறைந்துபோகும் ஆட்டங்களும் உண்டு. அஞ்சல் ஆட்டக்காரர் வழக்கில் அவற்றுக்கு ‘அநாதைகள்’ என்று பெயர். அவற்றைத் தேடி எடுத்துப் புதிய நடத்துநரிடம் சேர்ப்பதையே சிலர் பணியாகச் செய்து வந்தனர். அவர்கள் எந்த ஆட்டத்தையும் வென்றதாகப் பெயர் பெற்றவரல்லர்.

இப்பொழுது நானே ஓர் ஆட்டத்தை நடத்தி வருகிறேன். கெடு, வெள்ளி இரவு ஒன்பது மணி. ஆட்டத்தில் இப்போது 1907ஆம் ஆண்டு இளவேனில். ஜெர்மனிக்குக் கீல் துறைமுகமும் அதில் நிற்கும் ஒரு கப்பலுமே மீந்துள்ளன. அவரை நான் நேரில் கண்டதில்லை. சென்ற வெள்ளியன்று எட்டரை மணிக்கு அவரிடமிருந்து ஆணை வந்தது. ஒரே வரி: கீல் கடற்படை, டென்மார்க்குக்குத் துணை. டென்மார்க்கில் நின்றது இங்கிலாந்தின் படை.