மரபணு மாற்றிய நெல்லும் அறுந்துபோகும் கணக்கும்

2025 டிசெம்பர் முதல் வாரத்தில் ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் பிரதிநிதிகளும் உறுப்பு நாடுகளின் பேரவையும் பயிர்கள் தொடர்பாக ஓர் உடன்பாட்டிற்கு வந்தனர். புதிய மரபணு நுட்பங்கள் எனக் குறிப்பிடப்படும் முறைகளினால் உருவாகும் பயிர்களை இரு பிரிவாக வகுத்து, வழமையான இனக்கலப்பினாலும் தோன்றியிருக்கக் கூடியவை என்று கருதத்தக்க முதற் பிரிவை, 2001ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையிலுள்ள கடுமையான சட்டத்திலிருந்து விடுவிப்பதே அவ்வுடன்பாட்டின் சாரம். இப்பயிர்களுக்குத் தனியான ஆபத்து மதிப்பீடு வேண்டியதில்லை. விதைப் பையிலே அடையாளம் இடப்படும்; பொதுப் பதிவேட்டிலே பெயர் சேர்க்கப்படும். ஆனால் அவ்விதையின் விளைச்சல் உணவாகிக் கடைக்கு வரும்போது, அதன் பொதியில் எதையும் குறிப்பிட வேண்டிய கடமை எவருக்கும் இராது. களைகொல்லியைத் தாங்கும் பயிர்களும், பூச்சிகொல்லும் நஞ்சைத் தாமே சுரக்கும் பயிர்களும் இச்சலுகைக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளன. இங்கிலாந்து 2023ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் இவ்வழியில் முன்னரே சென்றுவிட்டது.

இச்செய்தி வந்த நாள் முதல் பழைய விவாதமே மீண்டும் ஒலிக்கின்றது. ஒரு சாரார் இவ்வுணவு உடலுக்குத் தீங்கு என்கின்றனர். மறு சாரார் தீங்கில்லை என்கின்றனர். 1996ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மரபணு மாற்றிய சோயாவும் சோளமும் பெருமளவில் பயிரிடப்படத் தொடங்கின. அன்றிலிருந்து சந்தையில் அநுமதிக்கப்பட்ட இவ்வகை உணவினால் நோய் உண்டாயிற்று என்பது நம்பத்தகுந்த முறையில் நிறுவப்படவில்லை என்பதை நாம் ஒளிக்காமற் சொல்ல வேண்டும். எனினும் கேள்வி அத்துடன் முடிந்துவிடுவதில்லை. உண்ணும் பொருள் எங்கிருந்து வந்தது, எவர் அநுமதித்தார், பிழை நேர்ந்தால் எதைத் திருப்பி அழைப்பது என்ற கணக்கு ஒன்று உண்டு. அக்கணக்கு அறுந்துபோனால் என்ன நடக்கும் என்பதை அறிய, சோறுண்ணும் மக்களாகிய நாம் 2006ஆம் ஆண்டின் அரிசி விவகாரத்தைத் திரும்பிப் பார்ப்பது தகும்.

அவ்வாண்டு ஜனவரியில், அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் இயங்கும் றைஸ்லாண்ட் என்னும் விவசாயிகள் கூட்டுறவு நிறுவனத்தின் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், தாம் வாங்கிய நெடுமணி அரிசியில் மரபணு மாற்றத்தின் அடையாளத்தைக் கண்டார். அமெரிக்காவில் அவ்வேளை அத்தகைய நெல் எதுவும் விற்பனைக்காகப் பயிரிடப்படவில்லை. ஆகவே போக்குவரத்தின்போது சோளம் கலந்திருக்கலாம் என்றே முதலில் எண்ணப்பட்டது. பின்னர் எடுத்த மாதிரிகள் அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கின. கலந்திருந்தது குளூபோசினேற் என்னும் களைகொல்லியைத் தாங்குமாறு செய்யப்பட்ட எல்.எல். 601 என்ற நெல். அவென்ரிஸ் நிறுவனம் அதனைப் பரீட்சார்த்த வயல்களில் வளர்த்து, 2001ஆம் ஆண்டுடன் கைவிட்டிருந்தது. அந்நிறுவனத்தின் பயிர்ப் பிரிவை 2002இல் ஜேர்மனியின் பேயர் நிறுவனம் வாங்கிக்கொண்டது. எந்த நாட்டிலும் உணவுக்கென அநுமதி கேட்கப்படாத, உரியவர்களாலேயே மறக்கப்பட்ட நெல் ஐந்து ஆண்டுகளின் பின் உலைக்கு வந்து சேர்ந்தது.

பேயர் யூலை 31ஆம் நாள் அமெரிக்க விவசாயத் திணைக்களத்திற்கு அறிவித்தது. பொதுமக்கள் அறிந்ததோ ஓகஸ்ட் 18ஆம் நாள். ஐந்து நாட்களுக்குள் ஐரோப்பிய ஆணைக்குழு, கலப்பில்லை என்ற பரிசோதனைச் சான்றின்றி அமெரிக்க நெடுமணி அரிசி உள்ளே வரலாகாது என அவசர ஆணை பிறப்பித்தது. யப்பானும் அவ்வரிசியை நிறுத்தியது. தமது விளைச்சலில் ஏறத்தாழப் பாதியை ஏற்றுமதி செய்யும் அமெரிக்க நெல் விவசாயிகளுக்கு இது பேரிடியாயிற்று. அவர்களுட் பெரும்பாலானோர் அந்த நெல்லின் பெயரைக்கூட அதற்குமுன் கேட்டிருக்கவில்லை.

அதன் பின் நடந்தவையே நாம் கவனிக்க வேண்டியவை. அதே ஆண்டு நவம்பர் 24ஆம் நாள், அமெரிக்க அரசு எல்.எல். 601 நெல்லைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. இதே இயல்புடைய வேறு இரு நெல்வகைகள் 1999இல் அநுமதிக்கப்பட்டவை என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். அந்நியாயத்தில் பொருளில்லை என்று நாம் கூறமாட்டோம். ஆயினும் களவாகப் புகுந்தவனுக்குப் பின்னர் கடவுச்சீட்டு வழங்கியது போன்ற காரியமே அது. (கடவுச்சீட்டின் அருமையை அறிந்த எமது வாசகர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.) ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் முடிவு இதனிலும் நேர்மையானது. முழுமையான மதிப்பீட்டிற்குப் போதிய தரவுகள் இல்லை என்றும், சிறு அளவிலான கலப்பினால் உடனடி ஆபத்து ஏற்பட வாய்ப்பில்லை என்றும் அது கூறியது.

கலப்பு எவ்வாறு நேர்ந்தது? கலப்புக் காணப்பட்ட செனியர் என்னும் நெல்லினம் லூயிசியானா அரச பல்கலைக்கழகத்தின் குறோலி ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்டது. எல்.எல். 601 நெல்லின் பரீட்சார்த்தப் பயிரும் அதே நிலையத்தில் நடந்திருக்கின்றது. மகரந்தம் பறந்ததா, விதைகள் கலந்தனவா என்று ஓராண்டுக்கு மேல் ஆராய்ந்த திணைக்களம், போதிய தகவல்கள் கிடைக்கவில்லை என்று 2007 ஒக்ரோபரில் கைவிரித்தது. எவர்மீதும் நடவடிக்கை இல்லை. இதில் வியப்பதற்கும் ஒன்றுமில்லை. பரீட்சார்த்த வயல்கள் சரியாக எங்கே உள்ளன, அறுவடையின் பின் அப்பயிருக்கு என்ன நேர்ந்தது என்னும் அடிப்படைத் தகவல்களே திணைக்களத்திடம் இல்லை என்று அதன் சொந்தக் கணக்காய்வாளரே 2005 டிசெம்பரில் எச்சரித்திருந்தார். விவசாயிகள் வழக்குத் தொடுத்தபோது பேயர் நிறுவனம் தனது மறுமொழியில் இதனைக் கடவுளின் செயல் என்றும், விவசாயிகளின் கவனக்குறைவு என்றும் வாதிட்டது. கடவுளை எவரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. 2011 யூலையில் ஐந்து மாநில விவசாயிகளுக்கு 750 மில்லியன் டொலர் வழங்க அந்நிறுவனம் இணங்கிற்று.

அக்காலத்தில் சீனாவிலிருந்தும் இவ்வாறே நடந்தது. பூச்சிகொல்லும் நஞ்சைச் சுரக்கும் பி.ரி. 63 என்ற நெல், சீனாவில் விற்பனைக்கு அநுமதிக்கப்படாதிருந்தும், 2006 செப்ரெம்பரில் பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி ஆகிய நாடுகளின் ஆசியக் கடைகளில் அரிசி நூடில்ஸ் போன்ற பொருட்களில் கண்டுபிடிக்கப்பட்டது. அவை எமது மக்களும் சென்றுவரும் கடைகளே. 2008இல் சீன அரிசிப் பொருட்களுக்கும் சான்றிதழ் கட்டாயமாக்கப்பட்டது.

இவ்விரு கலப்புகளையும் காட்டிக்கொடுத்தது எது? வேற்றுயிரிலிருந்து எடுத்துப் புகுத்தப்பட்ட மரபணுத் துண்டு. அதனைத் தேடும் பரிசோதனை இருந்தபடியால் வாடிக்கையாளர் ஒருவரால் கண்டுபிடிக்க முடிந்தது. துறைமுகத்தில் தடுக்க முடிந்தது. புதிய நுட்பங்களோ பெரும்பாலும் பயிரின் சொந்த மரபணுவிலே ஓர் எழுத்தை அழிப்பது அல்லது மாற்றுவது போன்றவை. அம்மாற்றம் இயற்கையாக வந்ததா, ஆய்வுகூடத்தில் வந்ததா என்று பரிசோதனையினால் மட்டும் பிரித்தறிவது மிகக் கடினம். ஆகவே எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி பத்திரமே. அப்பத்திரத்தை விதைப் பையுடன் நிறுத்திவிடுவதற்கே பிரசெல்ஸில் உடன்பட்டுள்ளனர். நோயையும் வரட்சியையும் தாங்கும் பயிர்கள் விரைவாக வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. பழைய சட்டத்தின் செலவைப் பெரும் நிறுவனங்களே தாங்க முடிந்தது என்பதும் உண்மை. ஆனால் மதிப்பீட்டைத் தளர்த்துவது வேறு, தடத்தை அழிப்பது வேறு. விதைப் பையில் எழுத முடிந்ததை ஆலைக்கும் கடைக்கும் கொண்டுவர முடியாது என்பதற்குத் திருப்தியான விளக்கம் எதையும் நாம் காணவில்லை.

சிறிய நாடுகளுக்கு இத்தெரிவும் இலகுவில் வாய்ப்பதில்லை. இலங்கை 2001 மே முதலாம் நாள் மரபணு மாற்றிய உணவுகளைத் தடைசெய்தது. அமெரிக்காவின் எதிர்ப்பையும் உலக வர்த்தக நிறுவனத்தின் தலையீட்டையும் அடுத்துச் சில வாரங்களிலேயே அத்தடை பிற்போடப்பட்டு, ஈற்றில் காலவரையறையின்றிக் கிடப்பில் விடப்பட்டது. 2007 ஜனவரியில் அதற்குப் பதிலாக வந்தது, அநுமதியும் அடையாளமும் கோரும் ஒழுங்குவிதி.

ஐரோப்பாவில் வாழும் எமது மக்களுக்கு ஒரு குறிப்பு. பழைய முறையில் மரபணு மாற்றப்பட்ட சோயா அல்லது சோளத்தின் எண்ணெய் ஐரோப்பிய ஒன்றியக் கடைகளில் விற்கப்பட்டால், 2004ஆம் ஆண்டிலிருந்து பொதியில் அதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும், 0.9 வீதத்திற்கு உட்பட்ட தற்செயலான கலப்புக்கு மட்டும் விலக்குண்டு. அத்தகைய தீனியை உண்ட கால்நடையின் பாலுக்கும் இறைச்சிக்கும் கோழி முட்டைக்கும் அக்கடமை இல்லை. டிசெம்பர் உடன்பாட்டின்படி புதிய நுட்பப் பயிர்கள் உயிரியல் விவசாயத்தில் இடம்பெறலாகாது. ஆகவே தமது அரிசியின் தடத்தை அறிய விரும்பும் குடும்பத்திற்கு அம்முத்திரை கொண்ட பொதியே மிஞ்சும். அதற்கு மேலதிக விலையும் கொடுக்க வேண்டும்.