ஆயத்தமாயிருப்பது என்றால் நாள் எண்ணுவது அல்ல



சற்று நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கிறிஸ்தவர் அல்லாத என் மாணவர்களும் படிக்கலாம். பயத்தை விற்கிறவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள்.

எங்காவது குண்டு விழுந்தாலோ பூமி அதிர்ந்தாலோ மறுநாள் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்துவிடுகிறது. மத்தேயு 24 நிறைவேறுகிறதாம், இன்ன மாதத்தில் வருகையாம். போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "சார், பையன் பிளஸ் டூ முடிக்கிறான். காலேஜுக்கு லோன் போடலாம்னு இருந்தோம். உலகமே முடியப்போகுது, இனி எதுக்குப் படிப்புன்னு ஜெபக்கூட்டத்துல சொல்றாங்க" என்றாள். ஒரு பிள்ளையின் எதிர்காலத்தில் கை வைக்கிற அளவுக்குப் போய்விட்டதால்தான் எழுதுகிறேன்.

அந்த அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள். ஒலிவ மலையில் சீஷர்கள் கேட்டது: எப்போது, என்ன அடையாளம்? யுத்தங்களைப் பற்றிக் கேள்விப்படுவீர்கள் என்று இயேசு 6ஆம் வசனத்தில் சொல்கிறார். அதே வசனத்தில் கலங்காதிருக்கச் சொல்கிறார், முடிவு உடனே வராது என்றும் சொல்கிறார். ஃபார்வர்டு செய்கிறவர்கள் முன்பாதியை அனுப்பிவிட்டுப் பின்பாதியை விட்டுவிடுகிறார்கள். 36ஆம் வசனத்தில், அந்த நாளும் நாழிகையும் பிதா ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்கிறார். இதற்குப் பிறகுதான் 44ஆம் வசனத்தில், நினையாத நேரத்தில் வருவதால் ஆயத்தமாயிருங்கள் என்கிறார். நாள் தெரியாது என்பதுதான் ஆயத்தத்துக்குக் காரணம். நாள் தெரிந்துவிட்டால் அந்தக் கட்டளைக்கே வேலை இல்லை.

வகுப்பில் அடிக்கடி சொல்வேனே, நினைவிருக்கிறதா? ஆய்வாளர் வரும் தேதி தெரிந்தால் முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து பாடக்குறிப்பு எழுதுகிற ஆசிரியர்கள் உண்டு. தேதி தெரியாவிட்டால் தினமும் எழுதித்தான் ஆகவேண்டும். ஆயத்தம் என்பது இந்த இரண்டாவது வகை.

நாள் குறித்தவர்களின் கதை என்ன ஆயிற்று? அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று கர்த்தர் வருவார் என்று காத்திருந்தார்கள். சிலர் விளைந்த பயிரைக்கூட அறுக்கவில்லை. மறுநாள் வழக்கம்போல விடிந்தது. தென்கொரியாவில் லீ ஜாங் ரிம் என்பவர் 1992 அக்டோபர் 28 என்றார். ஜனங்கள் வேலையை விட்டார்கள், வீட்டை விற்றார்கள். அவரோ அந்த நாளுக்குப் பிறகு முதிர்வடையும் கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருந்தார்! மோசடிக் குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை பெற்றார். தீர்க்கதரிசி சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்று உபாகமம் 18 எப்போதோ சொல்லிவிட்டது.

அதற்காகத் தீர்க்கதரிசனம் என்றாலே கேலி செய்யவேண்டாம். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது அதை அற்பமாக எண்ணவேண்டாம் என்கிறார், சோதித்துப் பார்த்து நல்லதைப் பிடித்துக்கொள்ளவும் சொல்கிறார். அந்தச் சபையில் கர்த்தருடைய நாள் வந்தேவிட்டது என்று கலங்கியவர்கள் இருந்தார்கள், வேலைவெட்டி இல்லாமல் சுற்றியவர்களும் இருந்தார்கள். அமைதியாக வேலை செய்து சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள் என்பதுதான் அவர்களுக்குப் பவுலின் புத்தி. மாணவியிடமும் இதைச் சொல்லி, பையனைத் தைரியமாகச் சேர்க்கச் சொன்னேன்.

சரி, ஆயத்தம் என்றால் என்ன? அடுத்த வசனங்களிலேயே பதில் இருக்கிறது. உண்மையுள்ள ஊழியக்காரன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. வீட்டாருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருக்கிறான். எஜமான் வரத் தாமதிப்பார் என்று நினைத்த பொல்லாத ஊழியக்காரனோ உடன் வேலைக்காரரை அடிக்கிறான், குடிக்கிறான். "ரெண்டாயிரம் வருஷமா வராதவர் இப்பவா வரப்போறார்" என்று அலட்சியமாகப் பேசுகிறவர்களுக்கும் இதில் எச்சரிக்கை உண்டு.

25ஆம் அதிகாரத்தில் பத்துக் கன்னிகைகள் வருகிறார்கள். பத்துப் பேருமே தூங்கிவிட்டார்கள் என்பதைக் கவனித்தீர்களா? புத்தியுள்ள ஐந்து பேரும் தூங்கினார்கள். யாரையும் தூங்கியதற்காகக் குற்றம் சொல்லவில்லை. எண்ணெய் இருந்ததா என்பதே கேள்வி. ஆயத்தமாய் இருக்கிறவன் நிம்மதியாகத் தூங்கலாம். அதே அதிகாரத்தின் கடைசியில் நியாயத்தீர்ப்பு. அங்கே யாரும் வருகையின் தேதியைக் கேட்கவில்லை. பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுத்தாயா, நோயாளியைப் போய்ப் பார்த்தாயா என்பதே கணக்கு.

1780 மே 19 அன்று அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் பட்டப்பகலில் இருட்டிவிட்டது. காட்டுத்தீயின் புகைதான் காரணம் என்று அன்றைக்கு அவர்களுக்குத் தெரியாது. கனெக்டிகட் சட்டமன்றத்தில் நியாயத்தீர்ப்பு நாள் வந்துவிட்டது என்று பயந்து கூட்டத்தைக் கலைக்கச் சொன்னார்கள். ஆபிரகாம் டேவன்போர்ட் என்ற உறுப்பினர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நாள் வரவில்லை என்றால் கலைக்க வேண்டியதில்லை, வந்துவிட்டது என்றால் நான் என் கடமையைச் செய்கிறவனாகவே காணப்பட விரும்புகிறேன், மெழுகுவர்த்தி கொண்டுவாருங்கள் என்றாராம். 44ஆம் வசனத்துக்கு இதைவிட நல்ல விளக்கவுரை எனக்குத் தெரியாது.

ஆகவே பிள்ளைகளே, அடுத்த முறை தேதி போட்ட வீடியோ வந்தால் ஃபார்வர்டு செய்யாதீர்கள். அந்த அஞ்சு நிமிஷத்தில் வாங்கிய கடனில் கொஞ்சம் திருப்பிக் கொடுங்கள். பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிக்கு ஒரு போன் போடுங்கள். ஊரில் தனியாக இருக்கும் அம்மா மாத்திரை சாப்பிட்டார்களா என்று கேளுங்கள். அவர் இன்று ராத்திரி வந்தாலும் நூறு வருஷம் கழித்து வந்தாலும் இவை வீண்போகாது.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவோம். கர்த்தர் உங்கள் யாவரையும் ஆசீர்வதிப்பாராக.