தடுத்தலா, ஏற்றலா? தற்காப்பு வகுப்புகள் கற்பிக்க வேண்டியது எது?

ஐதராபாத்தின் கிழக்கே நாச்சாரத்தை ஒட்டி அமைந்த மல்லாபூர், தொழிற்கூடங்களும் குடியிருப்புகளும் நெருங்கிக் கலந்த பகுதி. இத்தகைய புறநகர்களில் பள்ளி மைதானத்திலோ மொட்டை மாடியிலோ நடக்கும் கராத்தே வகுப்புக்கு மகளை அனுப்பும் பெற்றோர் பலர் பதக்கத்தை எண்ணி அனுப்புவதில்லை. இருட்டிய பின் அவள் தனியே வீடு திரும்ப நேர்ந்தால் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவர்களின் எதிர்பார்ப்பு. வகுப்பில் நிகழ்வதோ பெரும்பாலும் வேறொன்று. பிள்ளைகள் வரிசையாக நிற்கின்றனர். ஆசிரியர் ஜப்பானிய மொழியில் எண்ணுகிறார். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு கை தலைக்கு மேல் எழுகிறது, மறு கை இடுப்புக்குத் திரும்புகிறது. பின்னர் இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் முன்கூட்டியே அறிவித்து விடும் குத்தை மற்றவர் தடுக்கிறார். சில மாதங்களில் தேர்வு, புதிய பெல்ட், சான்றிதழ். எதிர்பார்ப்புக்கும் பயிற்சிக்கும் இடையிலான இந்த இடைவெளியைக் கராத்தேயின் குறையாகக் கொள்ளுதல் பிழை. அது கற்பிக்கும் முறையின் குறை, ஆகவே திருத்தக்கூடியது.

சிக்கல் ஒரு சொல்லிலேயே தொடங்குகிறது. கராத்தேயில் ‘தடுப்பு’ என்று வழங்கும் அசைவுகளின் ஜப்பானியப் பெயர் ‘உகே’. ‘உகேரு’ என்னும் வினையிலிருந்து பிறந்த அச்சொல்லுக்குப் பெறுதல், ஏற்றல் என்பதே பொருள். கீழ்த்தடுப்பாகக் கற்பிக்கப்படும் ‘கெதான் பராய்’ என்பதில் அச்சொல்கூட இல்லை. ‘பராய்’ என்பது வாரி ஒதுக்குதலைக் குறிக்கும். ஆங்கிலவழிப் பயிற்சி நூல்கள் இவை அனைத்தையும் தடுப்பு என்றே பெயர்த்தன. இந்திய வகுப்புகளும் அதையே ஏற்றுக்கொண்டன. தமிழில் ‘ஏற்றல்’ என்னும் சொல் பெற்றுக்கொள்ளுதல், பகையை எதிர்கொள்ளுதல் ஆகிய இரு பொருளையும் தாங்கி நிற்பது. மூலச் சொல்லுக்கு அதுவே நெருக்கமான பெயர்ப்பு.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தடுப்பு என்று கற்பவர் நின்ற இடத்திலேயே நின்று கையைச் சுவராக்க முயல்கிறார். ஏற்றல் என்று கற்பவர் தாக்குதலின் நேர்கோட்டிலிருந்து ஓரடி விலகி, வரும் கையைத் தன் முன்கையால் சந்தித்து, அதைப் பற்றி இழுத்து, அதே நொடியில் எதிரியின் நிலையைக் குலைக்கிறார். இடுப்புக்குத் திரும்பும் மறு கையின் பயனும் அப்போதுதான் விளங்கும். ‘ஹிகிதே’ எனப்படும் அக்கை, எதிரியின் மணிக்கட்டையோ சட்டைக் கையையோ பற்றி இழுத்து வருவதற்கானது. வெறுங்கையாக இடுப்பில் வைத்தால் முகத்தைக் காக்க வேண்டிய ஒரு கை வீணாகிறது. சிலம்ப ஆசான்கள் கோல் வீச்சோடு காலடியையும் விடாது வலியுறுத்துவதன் காரணமும் இதுவே. விலகத் தெரியாதவருக்குக் கை மட்டும் துணை நிற்பதில்லை.

இந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதற்கு வரலாறு ஓரளவு விடை தருகிறது. ஒகினாவாவில் சிறு குழுக்களாகப் பயிலப்பட்ட இக்கலையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றவர் இட்டோசு அன்கோ. 1908இல் கல்வித் துறைக்கு அவர் எழுதிய மடலில், இக்கலை ஒற்றை எதிராளியோடு போட்டியிடுவதற்கானது அன்று, முரடரை எதிர்ப்பட நேர்ந்தால் காயமின்றித் தப்புவதற்கானது என்ற கருத்து இடம்பெற்றுள்ளது. ஆயினும் பெரும் மாணவர் கூட்டத்துக்கு ஒரே நேரத்தில் கற்பிக்க எண்ணிக்கைப் பயிற்சியே வசதியாக இருந்தது. சிறுவருக்கு ஆபத்தான பிடிகளும் முறிப்புகளும் ‘தடுப்பு’ என்ற எளிய விளக்கத்துக்குள் மறைக்கப்பட்டன என்று வாதிடும் ஆய்வாளரும் உளர். உடற்கல்விக்கு அது பொருந்தியது. தற்காப்புக்கும் அதுவே போதும் என்ற எண்ணந்தான் பின்னாளின் பிழை.

விளையாட்டு இதை மேலும் ஒரு திசையில் திருப்பியது. 2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கின் 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆடவர் இறுதிப் போட்டியில் சவூதி அரேபியாவின் தாரெக் ஹாமெதி 4–1 என முன்னிலையில் இருந்தார். அவர் விட்ட உதை தலையில் பட்டு ஈரானின் சஜ்ஜாத் கன்ஜ்சாதே நினைவிழந்து வீழ்ந்தார். கட்டுப்பாடற்ற தாக்குதல் என நடுவர்கள் ஹாமெதியைத் தகுதிநீக்கம் செய்தனர். தூக்குப் படுக்கையில் வெளியேற்றப்பட்டவருக்கே தங்கம் கிடைத்தது. விளையாட்டு விதியின்படி அத்தீர்ப்பில் தவறில்லை. விளையாட்டுக்குக் கட்டுப்பாடு வேண்டும். ஆனால் தெருவில் ஒருவர் காக்க வேண்டியது புள்ளியை அன்று என்பதை அந்நிகழ்ச்சி தெளிவாக்கியது. இரண்டுக்கும் ஒரே பாடத்திட்டம் பொருந்தாது.

உடலியலும் இதையே சொல்கிறது. கண்ணால் கண்ட எளிய ஒரு குறிப்புக்கு மனித உடல் எதிர்வினை தொடங்கவே ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். கை எட்டும் தொலைவிலிருந்து வரும் குத்து இலக்கை அடைய அதைவிட மிகுதியான நேரம் எடுப்பதில்லை. தேர்ந்தெடுக்க வேண்டிய வாய்ப்புகள் பெருகப் பெருக எதிர்வினை தாமதமாகும் என்பதை 1952இல் உளவியலாளர் ஹிக் எடுத்துக்காட்டினார். மேல்தடுப்பு, உள்தடுப்பு, வெளித்தடுப்பு, கீழ்த்தடுப்பு என நான்கைக் கற்றுத் தந்து, எது வருகிறதோ அதற்கேற்றதைத் தேர்ந்தெடு என்பது நடைமுறைக்கு ஒவ்வாத அறிவுரை. இரு முன்கைகளையும் உயர்த்தித் தலையையும் கழுத்தையும் மூடி, விலகி, பற்றி, தள்ளி ஓடுதல் என்ற ஒரே பொது எதிர்வினையை நூறு சூழல்களில் பயிற்றுவித்தலே பயன் தரும். மேலும், பெண்கள் எதிர்கொள்ளும் தாக்குதல் பலவும் குத்தாக வருவதில்லை. மணிக்கட்டைப் பற்றுதல், முடியையோ துப்பட்டாவையோ இழுத்தல், சுவரோடு தள்ளுதல், பின்னிருந்து கட்டிப்பிடித்தல் ஆகியவற்றுக்கான பயிற்சி வாரத்தில் எத்தனை நிமிடம் நடைபெறுகிறது என்பதை வைத்தே ஒரு வகுப்பை மதிப்பிடலாம்.

உடலை உறுதியாக்கும் பயிற்சியிலும் இதே குழப்பம் நிலவுகிறது. முன்கையோடு முன்கையை மோதிக்கொள்ளும் ‘கோத்தே கிதாயே’, வைக்கோல் சுற்றிய ‘மகிவாரா’ பலகையைக் குத்துதல் ஆகியன ஒகினாவா மரபின் பகுதிகள். சுமைக்கேற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் வகுத்துரைத்தார். டென்னிஸ் வீரர்களின் ஆடும் கை எலும்பு மறு கையினதைவிடத் தடித்திருப்பது அதற்கு அறியப்பட்ட சான்று. ஆனால் அம்மாற்றம் மாதங்களாக, ஆண்டுகளாக, ஓய்வோடு நிகழ்வது. சில வாரங்களில் தெரியும் முன்னேற்றம் பெரும்பாலும் வலிக்குப் பழகியதன் விளைவு. வளர்ச்சித் தட்டுகள் மூடாத பிள்ளைகளின் எலும்புகளை மோதிப் பழக்குதல் நன்மையைவிடத் தீங்கையே விளைவிக்கக்கூடும். மேடையில் ஓடு உடைத்தல் பார்வையாளரை வியக்க வைக்கும். ஓடு திருப்பித் தாக்குவதில்லை. தற்காப்புக்கு வேண்டிய உடல் உறுதி வேறு வகையினது: கீழே விழுந்தால் தலை அடிபடாமல் விழவும் உடனே எழவும் அறிதல், நெஞ்சு படபடக்கும்போதும் மூச்சைக் கட்டுக்குள் வைத்துக் குரலெழுப்புதல், பிடியைத் தளர்த்தும் கைவலு, முழு வேகத்தில் ஒரு நிமிடம் ஓடும் ஆற்றல், ஓர் அடி பட்டவுடன் உறைந்துபோகாத பழக்கம். இவை கையுறையும் தலைக்கவசமும் அணிந்து, உண்மையாக எதிர்க்கும் துணைவரோடு, மெல்லத் தொடங்கிப் படிப்படியாக வேகம் கூட்டிப் பயின்றால்தான் வரும்.

இவ்வளவும் செய்த பின்னும் ஒரு கசப்பான உண்மை எஞ்சுகிறது. 2019 நவம்பரில் ஐதராபாத்தின் புறத்தே ஷம்ஷாபாத் சுங்கச்சாவடி அருகே ஒரு கால்நடை மருத்துவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். காவல்துறை தரப்பின்படி, காற்று இறங்கிய அவருடைய வண்டிச் சக்கரத்தைச் சரிசெய்து தருவதாகக் கூறியே நால்வரும் அணுகினர். விசாரணை தொடங்குமுன் அந்நால்வரும் காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அது போலி மோதல் என உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம் 2022இல் கண்டறிந்தது. அப்போது நாடெங்கும் எழுந்த குரல்களுள் ஒன்று, பெண்கள் கராத்தே பயில வேண்டும் என்பது. உதவி செய்பவர்போல் வரும் நால்வரை எந்தத் தடுப்பு நிறுத்தும் என்று அக்குரல் எண்ணிப் பார்க்கவில்லை. பாதுகாப்பான சாலையும் வெளிச்சமும், உடனே முறையீட்டைப் பதியும் காவல் நிலையமும் அரசின் கடமைகள். அவற்றைப் பெண்ணின் முன்கையில் ஏற்றிவைத்தல் அறமாகாது. 2014இல் ஐதராபாத்தில் தொடங்கிய ‘ஷீ டீம்ஸ்’ போன்ற காவல் ஏற்பாடுகள் அக்கடமையின் பாற்பட்டவை. எத்தகைய தற்காப்பு வகுப்பும் அவற்றுக்கு மாற்றாகாது.

அதே வேளை, பயிற்சியால் பயனில்லை என்று முடிவுகட்டுவதும் சான்றுக்கு முரணானது. கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவியர் 893 பேரிடம் சார்லீன் சென் குழுவினர் நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. 12 மணிநேரப் பயிற்சி பெற்றோரிடையே ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு உள்ளாகும் இடர் 5.2 விழுக்காடு, பயிற்சி பெறாதோரிடையே 9.8 விழுக்காடு. அப்பயிற்சியில் அடிதடி ஒரு பகுதியே. இடரை முன்னறிதல், அறிமுகமானவரை மறுப்பதில் எழும் தயக்கத்தைக் கடத்தல், உரத்த குரலில் மறுத்தல் ஆகியன ஏனைய பகுதிகள். இந்தியச் சூழலுக்கும் அது பொருந்தும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளில் பதிவாகும் வன்புணர்வு வழக்குகளுள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு அறிமுகமானவரே. அந்நியன் இருட்டில் குத்துவான் என்ற கற்பனையின் மேல் கட்டப்பட்ட பாடத்திட்டம், உறவினரும் அண்டை வீட்டாரும் மேலதிகாரியும் எல்லை மீறும் நிகழ்வுகளைத் தொடுவதே இல்லை.

ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையான மாணவியருக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி அளிக்க ஏற்பாடு உண்டு. மூன்று மாதத்தில் ஒரு கலையைக் கற்பிக்க இயலாது. ஆனால் கனடாவின் 12 மணிநேரத்தைவிட அது மிகுதியான காலமே. வரிசையில் நின்று எண்ணிக் கை உயர்த்துவதில் அக்காலத்தைச் செலவிடுவதா, பிடியிலிருந்து விடுபடவும் ‘கையை எடு’ என்று முழுக் குரலில் சொல்லவும் பழக்குவதா என்பதே கேள்வி. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்புரிமையை வகுக்கின்றன. தேவைக்கு மீறிய தீங்கு கூடாது என்ற வரம்பும் அவற்றுள் உண்டு. அதையும் ஒரு வகுப்பில் சொல்லித் தரலாம்.

சீருடையும் வணக்கமும் எண்ணிக்கையும் ஒழுங்கைத் தருகின்றன, கூச்சத்தைப் போக்குகின்றன என்பர் ஆசிரியர்கள். அது மெய்யே, அவற்றை அகற்ற வேண்டிய தேவையுமில்லை. ஆனால் சோதிக்கப்படாத தன்னம்பிக்கை ஆபத்தானது. அது விலகி ஓட வேண்டிய நேரத்தில் நின்று தடுக்கச் சொல்லும். மல்லாபூரின் ஒரு பெற்றோர் வகுப்பில் சேர்க்குமுன் ஆசிரியரிடம் கேட்க வேண்டியது எத்தனை மாதத்தில் கறுப்பு பெல்ட் என்பதையன்று. என் மகளின் கையை ஒருவர் உண்மையாகவே பிடித்துக்கொண்டு விட மறுக்கும் பயிற்சி இங்கு உண்டா, அப்போது அவள் என்ன செய்கிறாள் என்பதை ஒரு நாள் வந்து பார்க்கலாமா என்று கேட்கட்டும். நல்ல ஆசிரியர் அக்கேள்வியைத் தடுக்க மாட்டார், ஏற்றுக்கொள்வார்.