மாதிரிச் சரக்குப் பெட்டியும் மறைந்திருக்கும் இணைப்பும்

சோழவரத்தில் வாழ்வோர்க்குச் சுமை வண்டிகள் புதியன அல்ல. ஊரையொட்டிச் செல்லும் கொல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிகளின் ஓட்டம் இரவும் பகலும் ஓய்வதில்லை. கிழக்கே சில கல் தொலைவில் மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வழியாகக் கூடூர் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் நிலக்கரியும் கொள்கலன்களும் ஏற்றிய சரக்கு இரயில்கள் போய்வந்த வண்ணம் உள்ளன. கேட்டு மூடியிருக்கும்போது பெட்டிகளை எண்ணிப் பார்க்காத சிறுவர் இப்பகுதியில் அரியர். ஐம்பது வரை எண்ணி, அதன்பின் கணக்குத் தவறி, இறுதியில் காவலர் பெட்டியைக் கண்டு கையசைத்த நினைவு நம்மில் பலருக்கும் இருக்கும்.

இந்தியாவின் முதல் இருப்புப்பாதை எனக் கருதப்படுவது நமக்கு அண்டையிலுள்ள செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு 1837ஆம் ஆண்டில் போடப்பட்டதே ஆகும். ஆர்தர் காட்டன் முயற்சியால் அமைந்த அப்பாதை ஏற்றிச் சென்றது பயணிகளை அன்று; சாலை போடுவதற்கான கற்களை. இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் பயணிகள் வண்டி புறப்பட்டது அதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1856இல்தான். ஆகவே சரக்குப் பெட்டியைப் பற்றிப் பேச நம் பகுதியாருக்கு உரிமை சற்று மிகுதி என்பேன்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு மதிப்பெண். அம்மதிப்பெண்ணை இட்டவர்களுள் நானும் ஒருவன்.

சில ஆண்டுகளுக்கு முன், மாணவர் கைத்திறன் கண்காட்சி ஒன்றில் நடுவர் மூவருள் ஒருவனாக அமர்த்தப்பட்டேன். தமிழாசிரியனுக்கு அங்கு என்ன வேலை என்று கேட்கலாம். பரிசுப் பட்டியலைப் பிழையின்றி எழுத ஒருவர் வேண்டும் என்பதே காரணமாக இருந்திருக்கும். இயற்பியல் பயிலும் மாணவர் ஒருவர் சரக்குப் பெட்டி மாதிரி ஒன்றை வைத்திருந்தார். உள்ளங்கையில் அடங்கும் அளவு. கரிய செந்நிறம். கீழே ஒரு முழ நீளத் தண்டவாளம். அருகில் மற்றொருவர் தெர்மோகோலில் செய்த இரயில் நிலையம் ஒளிவிளக்குகளுடன் மின்னிக்கொண்டிருந்தது. நாங்கள் மூவரும் ஒருமனதாக ஒளிவிளக்குக்கே முதற்பரிசு அளித்தோம். சரக்குப் பெட்டிக்கு அருகில், "கடையில் வாங்கிய பொம்மை, வண்ணம் மட்டும் மாற்றப்பட்டுள்ளது" என்று குறிப்பு எழுதியவர் எங்களுள் ஒருவரே.

பரிசளிப்பு முடிந்தபின் அம்மாணவர் என்னிடம் வந்தார். மனக்குறை சொல்லவில்லை. "ஐயா, ஒருமுறை திருப்பிப் பாருங்கள்" என்று பெட்டியைக் கவிழ்த்து என் கையில் வைத்தார். அடுத்த அரைமணி நேரம் நான் மாணவன்; அவர் ஆசிரியர்.

அது கடையில் வாங்கியதே என்பதை அவர் மறைக்கவில்லை. அமெரிக்க நிலக்கரிப் பெட்டியின் மாதிரி. 87இல் ஒரு பங்காகக் குறுக்கப்பட்ட, எச்.ஓ. எனப்படும் அளவு. அதனை நம் பாதையில் ஓடும் 'பாக்ஸ்என்' பெட்டியாக மாற்றுவது அவர் நோக்கம். பக்கச் சுவர்களை அட்டையால் புதிதாக அமைத்து வண்ணம் பூசுவது ஒரு வாரத்தில் முடிந்ததாம். அடிப்பகுதிக்கு ஆனது ஏழு மாதம்.

நம் 'பாக்ஸ்என்' பெட்டியைத் தாங்குவது 'கேஸ்னப்' என்னும் வார்ப்பிரும்பு போன்ற தோற்றமுடைய வார்ப்பு எஃகுச் சட்டம். இருபுறமும் இரண்டு பக்கச் சட்டங்கள், அவற்றின் நடுவே ஒரு குறுக்குத் தாங்கி, அதன் இரு முனைகளிலும் சுருள்வில்கள், அவ்வளவே. அமெரிக்கச் சட்டமும் இதே குடும்பத்தது. ஆனால் நம் சட்டத்தில் இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தொலைவு 2000 மி.மீ.; சக்கரத்தின் விட்டம் 1000 மி.மீ. 87ஆல் வகுத்தால் முன்னது 23, பின்னது பதினொன்றரை. கடையில் வாங்கிய பெட்டியிலோ அச்சுத் தொலைவு 20 மி.மீ., சக்கரம் பத்தரை. மூன்று மி.மீ. வேறுபாட்டை யார் காணப்போகிறார் என்று கேட்டேன். "கேட்டில் நின்று பெட்டி எண்ணியவன் காண்பான், ஐயா" என்றார்.

சட்டத்தைப் பிசினில் வார்த்தெடுத்தார். சக்கரத்தைச் செங்குன்றத்தில் ஒரு லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கினார். பெருமையோடு தண்டவாளத்தில் வைத்ததும் பட்டறைக்காரரும் மாணவரும் எதிர்பாராதது நிகழ்ந்தது. மாதிரி இரயிலுக்கு மின்சாரம் செல்வது இரு தண்டவாளங்கள் வழியாகவே. முழுவதும் உலோகமான சக்கரமும் அச்சும் இரண்டையும் குறுக்கே இணைத்துவிட, மின்சுற்று பழுதாயிற்று. பின்னர் ஒரு பக்கச் சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே நைலான் வளையம் ஒன்று புகுத்தியே சரிசெய்தார். பாடநூலில் பத்து முறை படித்த 'குறுக்குச்சுற்று' என்பது அன்றுதான் விளங்கியது என்றார்.

சட்டத்தைப் பெட்டியுடன் பொருத்துவதிலும் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு சட்டங்களின் திருகாணிகளையும் ஒரே அளவாக இறுக்கிவிட்டால் பெட்டி தடம் புரளும். ஒன்றைச் சுழல மட்டும் விட்டு, பக்கவாட்டில் ஆடாதபடி இறுக்க வேண்டும். மற்றதைச் சற்றே ஆடுமாறு தளர்த்த வேண்டும். அப்போது பெட்டி முக்காலிபோல் மூன்று புள்ளிகளில் அமர்கிறது. மேடு பள்ளத்தில் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது என்பதை நம் பாட்டிமார் அறிவர். எடையும் அவ்வாறே. பெட்டிக்கு ஓர் அவுன்ஸ், நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ் என்பது அமெரிக்க மாதிரி இரயில் சங்கத்தார் வகுத்த கணக்கு. ஐந்து அங்குலப் பெட்டிக்கு மூன்றரை அவுன்ஸ், அதாவது நூறு கிராம் அளவு. மீன் வலையில் கட்டும் ஈயக் குண்டுகளை உள்ளே ஒட்டி அவ்வெடையைக் கொணர்ந்திருந்தார்.

இனி இணைப்பானுக்கு வருவோம். என் கருத்து முழுவதும் அதில்தான் உள்ளது.

மலிவான மாதிரிகளில் இணைப்பான், சக்கரச் சட்டத்தோடு ஒட்டியே வருகிறது. இழுக்கும்போது குறை தெரியாது. பின்னோக்கித் தள்ளினால் தள்ளும் விசை சட்டத்தைக் கோணலாகத் திருப்பும். வளைவில் பெட்டி தடம் புரளும். உண்மைப் பெட்டியில் இணைப்பான் இருப்பது சட்டத்தில் அன்று, பெட்டியின் நடு உத்தரத்தில். இழுப்பும் தள்ளும் உத்தரத்தின் வழியே அடுத்த பெட்டிக்குச் செல்கின்றன; சக்கரச் சட்டம் தன் சுமையைத் தாங்கித் தன் வழியில் திரும்புவதோடு சரி. மாணவர் செய்த முதல் வேலை, பழைய கொக்கியைச் சட்டத்திலிருந்து அறுத்தெறிந்து, 'கேடி' என்னும் நிறுவனத்தின் விரல் மடங்கிய கைபோன்ற இணைப்பானைப் பெட்டியின் உடலில் பொருத்தியது. அதிலும் உயரச் சிக்கல். அமெரிக்க இணைப்பானின் நடுவுயரம் தண்டவாளத்திலிருந்து 876 மி.மீ.; நம் அகலப் பாதையில் வெற்றுப் பெட்டிக்கு 1105 வரை. மாதிரியில் இது 10க்கும் பன்னிரண்டரைக்கும் மேலான ஓர் அளவுக்கும் உள்ள வேறுபாடு. ஆகவே இணைப்பான் பெட்டியையே உயர்த்திப் பொருத்தினார்.

"இவ்வளவும் எதற்கு? இது ஓய்வுநேர விளையாட்டுத்தானே?" என்று மூத்தோர் கேட்பர், நானும் கேட்டேன். அவர் விடையாகச் சொன்னது தம் பாட்டனாரைப் பற்றி. பாட்டனார் இரயில்வேயில் பெட்டி கோக்கும் பணியாளராக இருந்தவர். அக்காலத்தில் பெட்டிகளின் நடுவே கொக்கியும் திருகுச் சங்கிலியும், இருபுறமும் இரண்டு பஃபர்களும். எஞ்சின் பின்வாங்கி வரும்போது பணியாளர் இரு பெட்டிகளுக்கும் இடையில் குனிந்து நின்று, சங்கிலியைத் தூக்கிக் கொக்கியில் மாட்டித் திருக வேண்டும். கைகாட்டும் பிழை ஒன்று, ஓட்டுநரின் கவனக்குறைவு ஒன்று போதும். அவருடைய இடக்கையில் இரண்டு விரல்கள் இல்லை.

இக்கொடுமைக்கு மாற்றுக் கண்டவர் அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த எலி ஜானி. துணிக்கடைக் கணக்கர். நண்பகல் உணவு வேளையில் பேனாக்கத்தியால் மரத்தைச் சீவிச் சீவி, கைவிரல்கள் கோத்துக்கொள்வதுபோன்ற இணைப்பானின் மாதிரியைச் செய்தார் என்பர். 1873இல் காப்புரிமை பெற்றார். இருபது ஆண்டுகள் கழித்து, 1893இல், தானியங்கி இணைப்பானைக் கட்டாயமாக்கும் சட்டம் அந்நாட்டில் வந்தது. ஜப்பானியரோ 1925 ஜூலையில் தம் தலைநிலத்துப் பெட்டிகள் அனைத்திற்கும் ஏறக்குறைய ஒரே நாளில் இணைப்பானை மாற்றினர். புதிய இணைப்பான்களை முன்னதாகவே பெட்டிகளின் அடியில் தொங்கவிட்டு ஓட்டி, குறித்த நாளில் எங்கும் ஒருசேரப் பொருத்தினர். நம் நாட்டில் 1980களில் 'பாக்ஸ்என்' பெட்டிகள் பரவியபின் சரக்கு இரயில்களில் நடு இணைப்பானே வழக்காயிற்று. பெட்டிகள் மோதியவுடன் தாமே கோத்துக்கொள்ளும். கழற்றுவதற்குப் பக்கத்தில் நின்று பிடியை உயர்த்தினால் போதும். காற்றுத்தடைக் குழாயைச் சேர்ப்பதற்கு மட்டும் இன்றும் ஆள் உள்ளே குனிய வேண்டும். அதனையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

பயணிகள் பெட்டிகளில் மாற்றம் மெல்லவே வந்தது. பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் பழைய வகைப் பெட்டிகளின் உற்பத்தி நின்றது 2018இல்தான். 2024 நவம்பரில் பீகாரின் பரௌனி நிலையத்தில் பெட்டி கழற்றும் பணியாளர் ஒருவர் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையில் நசுங்கி உயிர் துறந்ததை நாளிதழ்களில் படித்தோம். அதற்கு முந்தைய மாதம் நம் கவரப்பேட்டையில் நின்றிருந்த சரக்கு இரயில்மீது பாக்மதி விரைவுவண்டி மோதியது. பெட்டிகள் சரிந்தன, பலர் காயமுற்றனர். ஆயினும் உயிரிழப்பு இல்லை. அது ஒன்றன்மேல் ஒன்று ஏறாதிருக்கும் வகையில் வடிவமைத்த இணைப்பான்களைக் கொண்ட புதுவகைப் பெட்டிகள் கோத்த வண்டி. இணைப்பான் ஒன்றே காத்தது என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள அந்த ஒரு முழ இடத்தில் எத்தனை உயிர்களின் கணக்கு இருக்கிறது என்பதை, கண்ணாடிப் பேழைக்குள் ஒளிவிளக்கு இட்ட நிலையம் எனக்குச் சொல்லவில்லை. கவிழ்த்துக் காட்டிய பெட்டி சொல்லிற்று.

தமிழ்த்துறை மலரில் இது எதற்கு என்பார்க்கும் ஒன்று கூறுவேன். நாம் பெட்டியையே 'போகி' என்று அழைக்கிறோம். இரயில் தொழிலாளர் மொழியில் போகி என்பது பெட்டிக்கு அடியிலுள்ள சக்கரச் சட்டமே. அடியிலிருப்பதைக் காணாதவர் அதன் பெயரைத் தூக்கி மேலிருப்பதற்கு வைத்துவிட்டனர். மாட்டு வண்டியில் நாம் இப்பிழை செய்ததில்லை. குடம், ஆரக்கால், பட்டா, கடையாணி, ஏர்க்கால், நுகத்தடி, பூட்டாங்கயிறு என்று ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. வள்ளுவரும் உருவத்தில் சிறியாரை இகழாமைக்குத் தேரின் அச்சாணியையே சான்று காட்டினார். தச்சனும் வண்டிக்காரனும் கையால் தொட்டுப் பழுதுபார்த்த பொருளுக்குப் பெயர் தானாக வந்தது. கலைச்சொற் குழுக்கள் அறைக்குள் அமர்ந்து ஆக்கும் சொற்கள் நிலைபெறாமைக்குக் காரணம் சொல்லின் குறை மட்டும் அன்று. அப்பொருளைக் கையில் எடுத்தவர் அங்கு இல்லாமையே. அம்மாணவர் என்னோடு பேசிய அரைமணியில் 'கைப்பூட்டு' என்று ஒரு சொல்லை இயல்பாகப் பயன்படுத்தினார், இணைப்பானுக்கு. எங்கே கற்றீர் என்றேன். "வேலை செய்யும்போது வாயில் வந்தது, ஐயா" என்றார்.

செலவு ஒரு தடைதான், மறுக்கவில்லை. வெளிநாட்டு இணைப்பானின் விலை மாணவர் கைக்கு எட்டாதது. ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, மற்றவற்றைப் பித்தளைத் தகட்டில் அரம் கொண்டு அராவிச் செய்ய முடியும் என்பதை அவர் அடுத்த ஆண்டே காட்டினார். கும்மிடிப்பூண்டி சிப்காட் சூழலில் கடைசல் அறிந்தவர்க்கும் வார்ப்பு அறிந்தவர்க்கும் பஞ்சமில்லை. புனேயில் ஜோஷி என்பார் வாழ்நாள் உழைப்பால் உருவாக்கிய குறு இரயில் அருங்காட்சியகம் 1998 முதல் மக்கள் பார்வைக்கு உள்ளது. சென்னையில் இரயில் அருங்காட்சியகம் 2002 முதல் உள்ளது. அங்கு உண்மைப் பெட்டிகளின் அருகே நின்றே அளவெடுக்கலாம். வடசென்னையின் புறத்தே உள்ள கல்லூரிகளுள் ஒன்றேனும் ஒரு மேசையை இதற்கென ஒதுக்கலாகாதா?

அம்மாணவரின் பெட்டியில் ஒரு பிழை உண்டு, அவரே சுட்டிக்காட்டினார். நம் அகலப் பாதை 1676 மி.மீ. 87ஆல் வகுத்தால் தண்டவாள இடைவெளி பத்தொன்பதுக்குச் சற்று மேல் வரவேண்டும். கடையில் கிடைப்பதோ பதினாறரை. ஆகவே பெட்டி சரி, பாதை ஒடுக்கம். "அடுத்தது பாதை" என்றார்.

அடுத்த கண்காட்சிக்கு நடுவர்களை அமர்த்தும் பெரியோர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. மதிப்பெண் தாளுக்கு அருகில் வளைவோடு கூடிய நான்கு முழத் தண்டவாளமும் ஒரு சிறு எஞ்சினும் வையுங்கள். ஓட்டிப் பாருங்கள், பின்னோக்கித் தள்ளியும் பாருங்கள். அதன்பின் பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுதத் தொடங்குங்கள்.