கிறிஸ்தவன் என்று சொல்வதற்கு விலை என்ன?

காஞ்சிபுரத்தில் ஒருவன் தன்னை இன்ன மதத்தான், இன்ன பிரிவினன் என்று சொல்லிக்கொள்வது புதிய விஷயமல்ல. சிவ காஞ்சி உண்டு. விஷ்ணு காஞ்சி உண்டு. வரதராஜப் பெருமாள் கோயிலில் வடகலைக்காரருக்கு முதல் உரிமையா, தென்கலைக்காரருக்கா என்று தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுப் படியேறியவர்கள் இவ்வூர்ப் பெரிய மனிதர்கள். வழக்கில் யார் வென்றாலும் யார் தோற்றாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. மிராசு மிராசுதாரிடமே இருந்தது. நெற்றியில் எந்த நாமம் போட்டாலும் பத்திரத்தில் பெயர் மாறியதில்லை.

ஆனால் சேரியில் பிறந்த விவசாயத் தொழிலாளி ஒருவன் "நான் கிறிஸ்தவன்" என்று சொன்னால் என்ன நடக்கிறது? சர்க்கார் அவனிடம் விலை கேட்கிறது! மற்றவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் மத சுதந்திரம் அவனுக்கு மட்டும் விலைக்கு விற்கப்படுகிறது. இது என்ன நியாயம், தோழர்களே?

ஒரே உத்தரவு, எழுபது ஆண்டுக்கு மேல் அநீதி

1950 ஆகஸ்ட் 10-ல் ஜனாதிபதியின் உத்தரவு ஒன்று வந்தது. அதன் மூன்றாவது பாரா, இந்து அல்லாத எவரும் அட்டவணை சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956-ல் சீக்கியரையும், 1990-ல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டார்கள். சரியான காரியம்தான். கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இதனால் வரும் நஷ்டம் என்ன? மத்திய சர்க்கார் வேலையில் அட்டவணை சாதி ஒதுக்கீடு கிடையாது. தனித்தொகுதியில் நிற்க முடியாது. பஞ்சாயத்தில் அட்டவணை சாதிக்கு ஒதுக்கிய தலைவர் பதவிக்கும் நிற்க முடியாது. தமிழ்நாட்டில் அவனைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அதாவது, அவனைச் சேரியில் வைத்து வேலை வாங்கும் நிலச்சொந்தக்காரனும் அவனும் ஒரே பட்டியலில் போட்டி போட வேண்டும்! சாதி சொல்லித் திட்டினால், அடித்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணைக்கு வருமா? 2025-ல் ஆந்திர உயர்நீதிமன்றம், கிறிஸ்தவரானவருக்கு அந்தச் சட்டம் இல்லை என்று சொல்லிவிட்டது. அடித்தவன் அவன் மதத்தைக் கேட்டுவிட்டா அடித்தான்?

2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. புதுச்சேரியில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண், குமாஸ்தா வேலைக்காகத் தம்மை இந்து என்று சொல்லி அட்டவணை சாதிச் சான்று கேட்டார். நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மதத்தைச் சொல்வது அரசியலமைப்பின் மீதே செய்யும் மோசடி என்று தீர்ப்பாயிற்று. ஆனால் நாம் கேட்கிறோம்: கோயிலுக்குப் போனால் வேலை இல்லை, வேலை வேண்டுமானால் கோயிலை மறைக்க வேண்டும் என்ற நிலையை உண்டாக்கியது யார்? ஏழையின் வாயில் பொய்யைத் திணித்துவிட்டு, பொய் சொன்னாய் என்று அவனையே தண்டிப்பதா?

மதம் மாறியது, மண் மாறவில்லை

"கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே, பிறகு சாதிச் சலுகை எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. சீக்கியமும் பௌத்தமும் சாதியை ஏற்கின்றனவா? சாதி வேதப்புத்தகத்திலா இருக்கிறது? அது நிலத்தில் இருக்கிறது, கூலியில் இருக்கிறது, சுடுகாட்டுப் பாதையில் இருக்கிறது.

நம் செங்கற்பட்டுச் சீமையின் கதையே சாட்சி. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சேரி மக்கள் குடியிருந்த மனைக்கும் மிராசுதார்களே உரிமை கொண்டாடினார்கள். எதிர்த்தவனைக் குடிசையை விட்டே கிளப்ப முடியும். வேதத்தில் சேர்ந்தவனுக்கும் அதே மிரட்டல்தான். ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ போன்ற பாதிரிமார் இதை வெளியில் கொண்டுவந்தார்கள். 1891-ல் கலெக்டர் டிரமென்ஹீர் சேரி மக்களின் நிலைமையை அறிக்கையாக எழுதினார். 1892-ல் பஞ்சமி நிலம் பிறந்தது. ஆனால் அந்த நிலம் எங்கே? கடனுக்கும் மிரட்டலுக்கும் கள்ளப் பத்திரத்துக்கும் இரையாகி, ஏராளமான நிலம் மேல்சாதியார் கைக்கும் பிறகு மனை வியாபாரிகள் கைக்கும் போய்விட்டது.

அதை மீட்கப் புறப்பட்டார்கள் காரணை மக்கள். 1994 அக்டோபர் 10-ல் செங்கற்பட்டில் போலீஸ் சுட்டது. மாண்டவர்களில் ஒருவர் பெயர் ஜான் தாமஸ். மற்றவர் பெயர் ஏழுமலை. பெயரைப் பாருங்கள், தோழர்களே! ஒன்று வேதப்புத்தகத்துப் பெயர். மற்றது திருப்பதி மலையின் பெயர். இருவரும் கேட்டது ஒரே மண். இருவர் மார்புக்கும் ஒரே குண்டு. குண்டுக்குத் தெரிந்த சமத்துவம் 1950 உத்தரவுக்குத் தெரியவில்லை!

ஆலயத்தின் உள்ளே யார் கிறிஸ்தவன்?

சர்க்காரை மட்டும் குறை சொல்லிவிட்டு நிறுத்த முடியாது. 19-ஆம் நூற்றாண்டில் நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக ஆலயம் கட்டினார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்த பிணத்துக்கும் சாதிச் சுவர் வைத்தார்கள். 2008-ல் எறையூரில் ஒரே ஆலயத்து மக்கள் சமமாக நடத்தச் சொன்னதற்கு அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் அதே ஆலயத்து வேதக்காரர்களே! தமிழ்நாட்டுத் திருச்சபையின் பெரும்பகுதி தாழ்த்தப்பட்ட உழைப்பாளிகள். நிர்வாகமும் மேற்பதவியும் பெரும்பாலும் வேறு கையில்.

ஏசு தச்சுப் பட்டறையில் உழைத்தவர். பணக்காரனிடம் சொத்தை ஏழைகளுக்குப் பகிரச் சொன்னவர். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு கல்லறையில் சுவர் எழுப்புபவன் கிறிஸ்தவனா? ஒருவன் கிறிஸ்தவனா இல்லையா என்று தாசில்தார் சான்றிதழ் சொல்லாது. பங்குப் பதிவேடும் சொல்லாது. கூலி கேட்டவன் பக்கம் நின்றானா, கூலி மறுத்தவன் பக்கம் நின்றானா என்பதே சொல்லும்.

பாவில் அறுந்த இழை

மதம் அவரவர் விருப்பம். எந்தக் கடவுளை வணங்குகிறாய் என்று சங்கம் கேட்பதில்லை. 2024-ல் நம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, கொட்டகையில் எல்லா மதத்தவரும் உட்கார்ந்திருந்தார்கள். மதமாற்றம், மதமாற்றம் என்று கூச்சல் போடும் சங்கப் பரிவாரத்துக்கு ஏழையின் ஆத்துமாவைப் பற்றிக் கவலையில்லை. சேரி மக்கள் இரண்டாகப் பிரிந்தால் கூலி குறையும் என்ற கணக்குத்தான் உண்டு. பட்டுத்தறியில் உட்காரும் தோழருக்குத் தெரியும்: பாவில் ஓர் இழை அறுந்தால் அதை முடிந்துவிட்டுத்தான் மேலே நெய்ய வேண்டும், விட்டால் புடவை முழுவதும் கெடும்.

2007-ல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் மூன்றாவது பாராவை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது. 2004-லேயே சுப்ரீம் கோர்ட்டுக்கு வழக்குப் போயிற்று. 2022-ல் மத்திய சர்க்கார் பாலகிருஷ்ணன் கமிஷனை அமைத்து இரண்டு ஆண்டு கெடு வைத்தது. கெடு முடிந்ததும் கெடுவை நீட்டியது. தாழ்த்தப்பட்ட மக்களைக் காக்க வைப்பதற்குத்தான் கமிஷனா?

மூன்றாவது பாராவை நீக்கு! ஒதுக்கீட்டின் அளவை உயர்த்து. ஒரு ஏழையின் சோற்றைப் பிடுங்கி இன்னொரு ஏழைக்குக் கொடுக்காதே! பஞ்சமி நிலத்தை உரியவர்களிடம் திருப்பிக் கொடு! கல்லறைச் சாதிச் சுவர் எங்கிருந்தாலும் இடி!

இந்தக் கோரிக்கையைக் கிறிஸ்தவத் தோழர் மட்டும் தனியாகத் தூக்கக் கூடாது. ஏழுமலைகளும் சேர்ந்து தூக்கட்டும். ஜான் தாமஸின் உரிமைக்கு ஏழுமலை குரல் கொடுக்கிற நாளில், மிராசுதாரின் தூக்கம் கெடும்!